பாட்டு வேணாம், பேசி அனுப்பு

விடுமுறைக்குச் சொந்த ஊரான புதுவைக்கு வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா கேட்டுவிடுவார்: "திரும்ப எப்பப் போற?" அதில் விரோதமெல்லாம் கிடையாது. மில்லில் ஷிப்டு பார்த்துப் பழகியவருக்கு, உள்ளே வந்தவன் எப்போது வெளியே போவான் என்று தெரிந்தால்தான் மனம் அடங்கும். நான் கிழமையைச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அந்த விடுமுறைக்கான எங்கள் பேச்சுவார்த்தை அத்துடன் சுமுகமாக முடிந்துவிடும். அம்மாவின் கேள்வி வேறு. "மெஸ்ஸுல இன்னாடா போடறாங்க?" "சோறுதான்." அவளும் விட்டுவிடுவாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத்துக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எந்நேரமும் களைப்பாக இருந்தேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் வந்த களைப்பு, வந்து சேர்ந்துவிட்ட களைப்பு, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து "காலேஜு வந்துட்டுதா?" என்று கேட்கும்போது சிரிக்க வேண்டுமே என்ற களைப்பு. இப்போது எனக்கு இருக்கிற களைப்புக்காவது டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த காரணங்கள் இருக்கின்றன. அப்போது இருந்தது சும்மா வந்தது. அதையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே எங்கள் வீடு இருந்த உப்பளத்திலிருந்து சைக்கிளை மிதித்து ரெக்கார்டு கடைக்குப் போய்விடுவேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மிளகாய் மண்டியின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தக் கடை. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் பாட்டுக் கேட்பார்கள். சோகப் பாட்டு கேட்டுக் கண் கலங்கியதாகப் பெயர் வாங்க அதைவிடச் சௌகரியமான இடம் ஊரில் கிடையாது. சுவரில் இழுத்துக் கட்டிய கயிறுகளில் ரெக்கார்டு அட்டைகளைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். யாரும் வாங்கமாட்டார்கள். வியாபாரம் எல்லாம் கேசட்டில்தான். நமக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், ரெக்கார்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார் கடைக்காரர்.

கடைக்காரருக்குப் பாட்டு பிடிக்காது. கடை வைக்கும் அளவுக்கு அவருடைய மைத்துனருக்குத்தான் பாட்டுப் பைத்தியம் இருந்தது. அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது மிஷினையும் ரெக்கார்டுகளையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, மிஷினின் முள் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தே வேலை செய்வார். எப்போதாவது பஞ்சை எடுத்தால், தன் அப்பாவைத் திட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"பிரெஞ்சுக்காரன் போறப்ப எழுதிக் குடுக்கச் சொன்னான். எந்த நாட்டுக்காரனா இருக்கப் போறன்னு ஒரு கையெழுத்து. எங்கப்பா இன்னா பண்ணாரு? நாளிக்குப் போடறேன்னு வேட்டியப் போத்திக்கினு தூங்கிட்டாரு. அன்னிக்கு எழுந்து போயிருந்தா நான் இன்னிக்கு பாரீஸ்ல குளுருல நடுங்கிக்கினு நிம்மதியா இருப்பேன். இந்தப் பாட்டுச் சனியன் இருந்திருக்காது."

எனக்கு அவர் வைத்திருந்த பெயர் 'காலேஜு'. அந்தக் கடையில் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனாலேயே அது எனக்குப் பிடித்த கடை. கேட்க மாட்டேன் என்று பஞ்சு வைத்துக்கொண்டிருப்பவரைவிட நல்ல துணை அந்த வயதில் யார் கிடைப்பார்கள்?

அங்கே ஒரு பிரெஞ்சு ரெக்கார்டு இருந்தது. ஊரை விட்டுப் போன ஏதோ ஒரு குடும்பம் போட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு விடுமுறையிலும் அதன் இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்லி, கல்லாப்பெட்டி மேல் முழங்கையை ஊன்றி, தொலைவில் எதையோ பார்ப்பேன். பிரெஞ்சு தெரியாது. ஆனால் கைவிடப்பட்ட ஒருத்தியின் குரல் என்று அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒரு நாள் கடைக்கு வந்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் கூடவே முணுமுணுத்துவிட்டு, "நல்ல பாட்டு. வாத்துக்குஞ்சு எண்ண எங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். மூன்று விடுமுறைகளாக நான் வாத்துக்குஞ்சுகளுக்காக உருகியிருக்கிறேன்.

கடைக்காரரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வெறும் டேப் தரமாட்டார். பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் தருவார்கள். கேசட்டும் பாத்திரம்தான் என்பது அவர் கணக்கு. நாம் கேட்ட பாட்டுகள் முடிந்து, பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிஷம் டேப் மிஞ்சினால், அவராக எதையாவது அடைத்துவிடுவார். பெரும்பாலும் கல்யாண நாதஸ்வரம். அதுவும் டேப் தீர்ந்த இடத்தில் கழுத்தைத் திருகியது மாதிரி நின்றுபோகும். ஹாஸ்டலில் நான் போடுகிற துக்கப் பாட்டுகளை ஒருவனும் கேட்கமாட்டான். கடைசியில் வரும் அரைக் கல்யாணத்துக்கு மட்டும் அடுத்த அறையிலிருந்தும் எழுந்து வருவார்கள்.

பாட்டைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பேச்சுக் கேசட். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் 'சொல்தா' என்று பெயர். கடல் தாண்டி இருக்கும் சொல்தாக்களுக்கு அவர்கள் வீட்டார் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக, இந்தக் கடைக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்து பேசி, அந்தக் கேசட்டைத் தபாலில் அனுப்புவார்கள். அங்கிருந்தும் அப்படியே பதில் வரும். வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாதவர்கள் அதைக் கேட்பதற்கும் இங்கேதான் வருவார்கள். ஊரின் பாதிக் குடும்ப விவகாரம், காதில் பஞ்சு வைத்த ஒரு மனிதர் முன்னால் நடந்தது.

அந்தத் தீபாவளி விடுமுறையில் நான் பாட்டுகளை எழுதிய காகிதத்தோடு போனபோது மிஷின் முன்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ரெட்டியார்பாளையத்துக்காரர். புருஷன் சொல்தாவாக இருந்து காலமானவர். ஒரே மகனும் சொல்தா. போய்ப் பல வருஷமாகியும் ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவன்.

"போன தபா நான் நாலு வார்த்த பேசினேன்" என்றார் அந்த அம்மாள், நான் யாரென்று தெரியாமலே என்னிடம். "மிச்சத்துக்கு இவரு பாட்டப் போட்டு ரொப்பிட்டாரு. எம்புள்ளைக்குக் கோவம் வந்துடுச்சு. 'பாட்டு இங்கியே கெடைக்கிது, எனக்கு பாட்டு வேணாம், நீ பேசி அனுப்பு'ன்னுட்டான். பக்கத்துக்கு அரமணி நேரமாம். ரெண்டு பக்கமாம். இன்னாத்தத் தம்பி பேசறது?"

"பேசற வரிக்கும் பேசுங்க, யக்கா" என்றார் கடைக்காரர்.

"மிச்சம்?"

"வெறும் டேப்பு நான் தரமாட்டேன்."

"நான் மட்டும் அனுப்புவனா? கடலத் தாண்டிப் போற பொருளு."

இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாததுதான் பிரச்சினை. கடைக்காரர் பஞ்சைச் சரிசெய்துகொண்டு பட்டனை அழுத்தினார். அந்த அம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிஷினைப் பார்த்து, கோயிலில் நிற்பதுபோல் நிமிர்ந்தார்.

"தம்பி, நல்லா இருக்கியா. நாங்க நல்லா இருக்கறோம். தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. நீ வரணும். மாப்ளயக் கையப் புடிச்சி மேடைக்கு இட்டாந்து மோதரம் போட வேண்டியது கூடப் பொறந்தவன்தான். அப்பா இருந்தாலும் பரவால்ல, அப்பாவும் இல்ல. நீயும் வரலன்னா அவ ஒண்டியா நிப்பா. வரியா இல்லியான்னு சொல்லிடு. வெச்சிடறேன்."

கடைக்காரர் கேசட்டை எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு சுத்துகூட சரியா சுத்தல, யக்கா."

அதன்பிறகு நடந்ததை உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மாடு கன்று போட்டதைச் சொன்னார். கூரை மாற்றி ஓடு போட்டதைச் சொன்னார். தெருவில் யார் யார் செத்தார்கள் என்று வரிசையாக ஆரம்பித்தார். கடைக்காரர் பதறி நிறுத்தினார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடறீங்க. சாவுக் கணக்கு எதுக்கு?"

"செத்தவங்கதானப்பா நெறைய இருக்கறாங்க."

மிளகாய் நெடியில் இரண்டு தடவை இருமினார். மூக்கைச் சிந்தினார். மில் சங்கு ஊதியது; அது முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு, கடையில் இருந்தவர்களைப் பேச வைத்தார். ரெக்கார்டு ஊசி வாங்க வந்த ஒருவர், "அலோ, நல்லா இருக்கீங்களா, நானும் நல்லா இருக்கறேன்" என்று யாரென்றே சொல்லாமல் பேசிவிட்டுப் போனார். கடைக்காரர் தன் பங்குக்கு அவருடைய அப்பா தூங்கிய கதையைப் பிரான்ஸ்வரை கேட்கும்படி சொன்னார். முதல் பக்கம் ஒருவழியாகத் தீர்ந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டபோது கடையில் மீதமிருந்தது நான்.

"தம்பி, காலேஜு படிக்கிற புள்ளன்றாங்க. ரெண்டு வார்த்த பேசு."

"நானா? எனக்கு அவரத் தெரியாதுங்களே."

"அவனுக்கும்தான் உன்னத் தெரியாது. பேசு."

வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில், "வணக்கம்" என்று தொடங்கினேன். புதுவை நகரம் நலமாக உள்ளது என்று அறிவித்தேன். மழை போதுமான அளவு பெய்துள்ளது என்றேன். கடைக்காரரே பஞ்சை எடுத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல், காலையில் உப்பளத்திலிருந்து வந்த வழியைச் சொல்ல ஆரம்பித்தேன். துறைமுகத்துப் பக்கம் காற்று எப்படி அடித்தது, ரொட்டிக்கடை வாசலில் நாய் எந்த இடத்தில் படுத்திருந்தது, வாய்க்கால் ஓரம் பஜ்ஜி போடும் அம்மா எண்ணெயை எப்படி வடிய விடுவார், மேற்குக் கரையில் அவருக்காக நிற்கிற சைக்கிள்களில் எது யாருடையது. பேசிக்கொண்டே போனேன். மெட்ராஸில் ராத்திரி படுத்தால் இந்தத் தெருக்களை வரிசையாக நினைத்துப் பார்ப்பேன் என்பதைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் எழுந்து மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"மெர்சி, தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார், கேசட்டை மடியில் செருகிக்கொண்டு. "நல்லா வளவளன்னு பேசறியே. உங்க வீட்டுல கொடுத்து வெச்சவங்க."

"பாட்டு?" என்று என் காகிதத்தை நீட்டினேன்.

"மிஷினு சூடாயிடுச்சு, காலேஜு" என்றார் கடைக்காரர். "பொங்கலுக்கு வா."

வீட்டுக்குப் போனேன். "எங்கடா போயிருந்த இவ்ளோ நேரம்?" என்றார் அப்பா. "சும்மா" என்றேன்.

பொங்கலுக்கு அதே களைப்பு, அதே காகிதம். கடையில் அந்த அம்மாள் முன்னமே இருந்தார். கூடவே கல்யாணப் பெண். பதில் அன்று காலையில்தான் வந்ததாம். கல்யாணம் தை பிறந்து வரும் முதல் முகூர்த்தத்தில், பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, மகன் வருகிறானா என்பது மட்டும்தான் பாக்கி. கடைக்காரர் பஞ்சுகளை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டார்.

கரகரத்த ஒரு குரல் வந்தது. "அம்மா, ஏம்மா அழுவற?"

"நான் எங்கடா அழுதேன்! மொளகாடா!" என்றார் அந்த அம்மாள் மிஷினிடம்.

குரல் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "நடுவுல சங்கு ஊதிச்சு பாரு, நான் எழுந்து சட்டயப் போட்டுட்டேம்மா. மில்லுல டெம்ப்ரவரியா இருந்தது ஒடம்பு மறக்கல. அப்பறம் பாத்தா வெளில பனி." ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "கடசில ஒரு தம்பி பேசினாரே, யாரு அது? நல்லா பேசினாரு. ஆனா ஒண்ணு தப்பு. பஜ்ஜி போடற அம்மா வாய்க்காலுக்கு கெழக்கால. மேக்கால இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேற்கேதான்" என்றேன் பலவீனமாக.

குரல் விடவில்லை. கிழக்கே என்பதற்கு ஆதாரம் கொடுத்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு சுவர், சுவரில் அழிந்துபோன பிரெஞ்சு எழுத்து, அதில் சாய்ந்துகொண்டு தின்றதால் சட்டையெல்லாம் சுண்ணாம்பு, அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி. அடி வாங்கியவனுக்குத் தெரியாதா எந்தக் கரை என்று? அங்கிருந்து ரொட்டிக்கடைக்குப் போனது. நாய் படுத்திருக்கும் இடத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து ஒன்றாக இருந்தது. ஆனால் அது அந்த நாயாக இருக்க முடியாது என்றார். முதல் பக்கம் முடிந்தது.

"ஏழெட்டு வருஷத்துல பஜ்ஜிக்காரி நடந்து அந்தாண்ட போயிருக்கமாட்டாளா?" என்றார் அந்த அம்மாள். "கல்யாணத்தப் பத்தி சொல்றானா பாரு. திருப்பிப் போடுப்பா."

இரண்டாம் பக்கத்தில் துறைமுகம் வந்தது. காற்று வந்தது. ஒரு சினிமாக் கொட்டகையின் பெஞ்சுகளில் எந்தப் பெஞ்சில் மூட்டைப்பூச்சி குறைவு என்பது வந்தது. நல்ல பேச்சுதான். வேறொரு நாளாக இருந்தால் நான் ரசித்திருப்பேன். அன்று நாங்கள் நால்வரும் கேட்பதை விட்டுவிட்டுக் கேசட்டின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கத்துச் சக்கரம் மெலிந்துகொண்டே வந்தது. கல்யாணப் பெண் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சொல்லுடா" என்றார் அந்த அம்மாள்.

"சரி, கல்யாண விஷயத்துக்கு வரேம்மா" என்றது குரல், கேட்டதுபோல. "அத மொதல்லியே சொல்லணும்னுதான் இருந்தேன். இன்னான்னா—"

டக்கென்று பட்டன் எகிறியது. டேப் தீர்ந்துவிட்டது.

கடைக்காரர் கேசட்டை வெளியே எடுத்து, பேனாவை ஓட்டையில் விட்டுச் சுற்றிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் "இன்னான்னா" என்று சொல்லி நின்றது.

"தந்தி அடிச்சுக் கேட்டுடலாம்" என்றேன்.

"தந்தியா? எங்க வூட்டுல தந்தின்னா சாவு சேதி ஒண்ணுதான் வரும். எம்புள்ள பிரிக்கறதுக்குள்ள மயக்கம் போட்டுடுவான்."

கடிதம் போய்ச் சேர்வதற்குள் பெண் மறுவீடு முடிந்து வந்துவிடுவாள். நானும் கடைக்காரரும் மாற்றி மாற்றி நம்பிக்கை சொல்ல ஆரம்பித்தோம். வருவார், அதனால்தான் இவ்வளவு ஆசையாகப் பேசுகிறார் என்றார் கடைக்காரர். பஜ்ஜி எந்தக் கரையில் என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர் வந்து சாப்பிடப் போகிறவர்தான் என்றேன் நான். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் முடிக்க விட்டார்.

"வர்றவனா இருந்தா மொத வார்த்தயே அதாத்தான் இருக்கும்" என்றார். "எம்புள்ளய எனக்குத் தெரியாதா. வரலேன்னு சொல்ல வாய் வராம ஊரெல்லாம் சுத்தினு இருக்கறான்."

கல்யாணப் பெண், "வுடும்மா" என்றாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான். மிளகாய் மண்டியில் மூட்டை இறக்கினார்கள். யாரும் தும்மவில்லை.

பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "டேய் காலேஜு. உனக்கு அக்கா தங்கச்சி இருக்குதா?"

"இல்லிங்க."

"இப்ப இருக்குது. முகூர்த்தத்தன்னிக்கு விடியறதுக்குள்ள வேட்டி கட்டிக்கினு வந்துடு."

"நானா? வேற சொந்தக்காரங்க..."

"சொந்தக்காரன் வந்து நின்னா நாளிக்கு அதயே சொல்லிக் காட்டுவான். நீதான அவன்கிட்ட கத பேசி டேப்பத் தீத்த? வந்து நில்லு."

காலேஜுக்கு மட்டம் போட்டேன். வீட்டில் காரணம் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "கூப்பிட்டா போய்ட்டு வாயேன்" என்றார் அப்பா. அவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, இடுப்பில் பெல்ட்டு போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த விடுமுறையில் எங்களுக்குள் நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டிய தெருவில் பந்தல். கடைக்காரர் டேப் ரெக்கார்டரைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்திருந்தார். காதில் புதுப் பஞ்சு. ரோட்டில் டாக்சி திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கல்யாணப் பெண்ணின் தலை லேசாக நிமிரும். அவளுடைய அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் வந்ததும் என்னைத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளை என்னைவிட இரு மடங்கு இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவருவதாகப் பெயர். உண்மையில் என் வேட்டி அவிழாமல் அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"நீங்கதான் பிரான்ஸா?" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"இல்லிங்க. உப்பளம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

எல்லோரும் அவரைப்போல விசாரிக்கவில்லை. "பாவம், பிரான்சுச் சாப்பாடு ஒத்துக்கல போல, புள்ள எளச்சிப் போயிருக்குது" என்று ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவினாள். கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் நீளமாகப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்லக் கற்றுக்கொண்ட வார்த்தை ஒன்றுதான் எனக்குத் தெரியும். "பிரசான்" என்றேன். இருக்கிறேன் என்று அர்த்தம். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். மாப்பிள்ளைக்கு மோதிரத்தைப் போட்டேன். கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் பார்க்க விரும்பிய முகம் இது இல்லை என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? முடிந்த அளவு அண்ணன் மாதிரி நின்றேன்.

மெட்ராஸ் புறப்படும் அன்று காலையில் கடைக்குப் போனேன். கல்யாணக் கேசட்டை மகனுக்கு அனுப்ப அந்த அம்மாள் வந்திருந்தார். போட்டுக் கேட்டோம். மேளம், சிரிப்பு, பாத்திரம் உருளும் சத்தம், "வேட்டியப் புடிடா" என்று யாரோ அதட்டுவது, மறுபடி மேளம். இரண்டாம் பக்கத்தில் பந்தி முடிந்து எல்லாம் ஓய்ந்தபிறகு கொஞ்சம் டேப் மிஞ்சியிருந்தது. கடைக்காரர் பழக்கதோஷத்தில் நாதஸ்வர ரெக்கார்டை எடுத்துத் துடைத்தார்.

"வுடு" என்றார் அந்த அம்மாள்.

"கொஞ்சம் மிச்சம் இருக்குது, யக்கா. நெரப்பிடறேன்."

"தெரியுது. அது அப்படியே இருக்கட்டும்."

"வெறும் டேப்பாச்சே."

"அவன் பேச எடம் வேணாமா? இந்த டேப்பயே திருப்பி அனுப்பச் சொல்லி, காலேஜு நின்னதயும் ஒரு சீட்டுல எழுதி வெய்யி. மிச்சத்துல அவன் சொல்ல வேண்டியதச் சொல்லட்டும். அதுக்கு இவ்ளோ போதும்."

கடைக்காரர் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாதி வாழ்க்கையாகக் கடைப்பிடித்த பழக்கத்தை ஒருவர் கைவிடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ரெக்கார்டை அட்டைக்குள் போட்டார். அந்த அம்மாள் கேசட் டப்பாவைத் திறந்து, மடியிலிருந்து கொஞ்சம் மஞ்சள் அரிசியை எடுத்து உள்ளே போட்டு மூடினார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தூவியதில் மிஞ்சியது.

"போதுமா? இப்ப வெறும் டேப்பு இல்லல்ல?"

அன்றும் என் பாட்டுகள் பதியப்படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கோடை விடுமுறைக்கு வந்தபோது என்னைக் கண்டதும் கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "பாட்டு அப்பறம். உனக்குச் சேதி வந்திருக்குது." கல்யாணக் கேசட் திரும்பி வந்திருந்தது. அந்த அம்மாள் ஒரு வாரம் முன்பே வந்து கேட்டுவிட்டு, எனக்காகக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். டப்பாவில் ஒன்றிரண்டு மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கடைசிவரை ஓட்டி நிறுத்தினார்.

பந்திச் சத்தம் அறுந்த இடத்தில் அந்தக் குரல் வந்தது. "லீவு குடுக்கலம்மா. கேட்டேன். ரெண்டு தபா கேட்டேன். குடுக்கல." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அங்கே பக்கத்தில் மிளகாய் மண்டி இருக்க நியாயமில்லை. பிறகு, "தங்கச்சிய நல்லாப் பாத்துக்கச் சொல்லு." தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அந்தத் தம்பி நின்னாருன்னு சீட்டுல பாத்தேன். வேட்டிய அதட்டினது பெரியப்பாதான? சரி. அவருகிட்ட சொல்லு, பஜ்ஜிக்காரம்மா கெழக்காலதான். போய்ப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லு."

அதற்குப்பின்னும் கொஞ்சம் டேப் மிச்சமிருந்தது.

"யக்கா இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"ரெண்டு தபா போடச் சொன்னாங்க. 'இதச் சொல்றதுக்கா அறுவது நிமிசம் ஊரச் சுத்தினான்'னாங்க. கோழிக்குத் தவுடு வாங்கணும்னு போய்ட்டாங்க." அவர் என் காகிதத்தை வாங்கி, படிக்காமலே ரெக்கார்டுக்கு அடியில் வைத்தார். "பதில் பேசறியா? இல்ல, பாட்டப் பதியட்டுமா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி பஸ்ஸில் தூங்கவில்லை. இருந்தாலும், மேற்கே என்று நான் சொன்னதை நானே நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று என்ற சந்தேகம் வந்துவிட்டது.

"இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போனேன்.